கொங்கின் சுவை வரலாறு – 21: காலைக் கள், மாலைக் கள்

ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டிலிருந்து வண்டியை எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வாளையார் வந்துவிடும். பொள்ளாச்சி வழியாகப் போகிறவர்களுக்குக் கோபாலபுரமோ மீனாட்சிபுரமோ எல்லை. அதைத் தாண்டியதும் சாலையோரத்தில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் மலையாளத்தில் ‘கள்ளு’ என்று எழுதியிருக்கும். கேரள அரசின் உரிமம் பெற்ற கடை அது. பகல் வெளிச்சத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து கப்பையும் மீன்கறியும் சாப்பிடுகிறவர்களை அங்கே பார்க்கலாம். எல்லைக்கு இந்தப் பக்கம் அதே மண்தான், அதே பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான், அதே தென்னைதான். ஆனால் பாளையில் சுண்ணாம்பு தடவாத கலயத்தைக் கட்டினால் போலீஸ் வழக்கு.

எல்லைக்கு அப்பால், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி பழக்கவழக்கத்தில் ஏறக்குறைய கொங்குதான். மழை மறைவுப் பிரதேசம். தமிழ் பேசும் ஊர்கள் ஏராளம். கேரளத்தின் பல மாவட்டங்களில் விற்கும் கள்ளில் பெரும்பகுதி இந்தத் தோப்புகளிலிருந்துதான் தினமும் வண்டியேறிப் போகிறது. கோவை மாவட்டத்துத் தென்னையும் பனையும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மறந்துபோன ஒரு சுவையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், இன்றைக்குச் சட்டப்படி மிக அருகில் இருக்கும் இடம் அதுதான்.

சென்ற பகுதியில் கருப்பட்டி காய்ச்சும் முறையைப் பார்த்தோம். அதே சாற்றின் இன்னொரு வாழ்க்கை இந்தப் பகுதியின் பொருள். கள்ளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை கொஞ்சமல்ல. அவற்றில் ஆகப் பெரும்பாலானவை போதை, வருவாய், மறியல், தடை ஆகிய நான்கையும் சுற்றியே நிற்கின்றன. வாயில் விட்டால் அது எப்படி இருக்கும் என்று எழுதியவர்கள் குறைவு. ஒரு வட்டாரத்தின் மண்ணும் மரமும் கைவேலையும் சேர்ந்து உண்டாக்கும் சுவையும் அந்த வட்டாரத்தின் வரலாறுதான். அதனால் முதலில் சுவையைப் பேசிவிட வேண்டும்.

விடிகாலையில் இறக்கிய தென்னங்கள் மங்கிய வெள்ளை நிறம். மேலே மெல்லிய நுரை. மூக்கருகில் கொண்டுபோனால் இளநீர் வழுக்கையின் மணமும், அதற்குப் பின்னால் புளிக்கத் தொடங்கிய அரிசிமாவின் மணமும் வரும். முதல் மடக்கில் இனிப்புதான் தெரியும். விழுங்கிய பிறகு நாக்கின் ஓரங்களில் சிறு குறுகுறுப்பு இருக்கும். நண்பகலில் அதே கள் வேறொன்றாகிவிடுகிறது. இனிப்பு பாதிக்குமேல் கரைந்துபோகிறது, குமிழிகள் சுறுசுறுப்பாகின்றன, தயிரில் இருப்பது போன்ற புளிப்பு எழுகிறது. தெரிந்தவர்கள் பலரும் விரும்புவது இந்த நேரத்துக் கள்ளைத்தான், இனிப்பும் புளிப்பும் சரிபாதியாக நிற்பது இப்போதுதான். மாலையில் இனிப்பு முழுதாகப் போயிருக்கும். காரமும் புளிப்பும் முந்திக்கொண்டு வரும், தொண்டையில் சூடு தெரியும். மறுநாள் அது குடிக்கும் பொருளாக இல்லாமல் காடியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். கடையில் உட்கார்ந்ததும் “இது காலைக் கள்ளா, நேத்து இறக்குனதுங்களா?” என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

பனங்கள் வேறு. இனிப்பு கனமானது, அடியில் கருப்பட்டியின் வாசம் இருக்கும். பருவமும் உண்டு. தை, மாசியில் தொடங்கி ஆனிவரை. தென்னை ஆண்டு முழுவதும் பாளை விடுவதால் தென்னங்கள்ளுக்கு அந்தக் கணக்கு இல்லை. பழைய கொங்கு வறண்ட நாடு. மேட்டுக்காடுகளின் வரப்பில் வரிசையாக நின்றது பனை. பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும் தென்னந்தோப்புகளில் பெரும்பகுதி பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் தண்ணீர் 1960-களிலிருந்து பாயத் தொடங்கிய பிறகு வந்தவை. ஆகவே கொங்கு என்றால் தென்னங்கள் என்று இன்று நினைப்பது ஒரு புதிய பழக்கம். ஒரு நூற்றாண்டுக்கு முன் இங்கே மொந்தையில் ஊற்றியதில் பனைக்கும் ஈச்சைக்கும் பெரிய பங்கு இருந்தது.

இத்தனை மாற்றமும் ஒரே நாளில் நடப்பதற்கு விளக்கம் எளியது. பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பங்கு சர்க்கரை. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் இருக்கும் ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடுகிறது. கூடவே, தயிரைப் புளிக்கவைக்கும் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்களும் கடைசியில் காடி உண்டாக்கும் பாக்டீரியாக்களும் சேர்கின்றன. இரவெல்லாம் சொட்டிய சாறு கீழே இறங்கும்போதே பாதி கள்ளாகியிருக்கும். ஒரு நாளுக்குள் சாராயச் சத்து நூற்றுக்கு நான்கிலிருந்து எட்டுவரை போகும். இந்த ஓட்டத்தை நிறுத்துவது ஒரு பொருள்தான்: சுண்ணாம்பு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் ஈஸ்ட் அடங்கிவிடும், இறங்குவது தெளுவு. அதே மரம், அதே பாளை, அதே அரிவாள். ஒரு பூச்சு சுண்ணாம்புதான் சட்டம் அனுமதிப்பதையும் தண்டிப்பதையும் பிரிக்கிறது.

பாளையைச் சீவியதும் சாறு கொட்டிவிடும் என்று நகரத்தில் பலர் நினைக்கிறார்கள். விரியாத தென்னம்பாளையை முதலில் நாரால் இறுகக் கட்ட வேண்டும். பிறகு பல நாட்கள் காலையும் மாலையும் மெதுவாகத் தட்டிக்கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் பூக்கள் நசுங்கக்கூடாது, ஆனால் சாறு ஊறும் அளவுக்குத் திசு தளர வேண்டும். அந்த அளவு கையில்தான் இருக்கிறது. நுனியை மெல்லிய சீவலாகச் சீவிவர ஒரு கட்டத்தில் சொட்டு விழும். அதன் பிறகு ஒரு நாள்கூட விடாமல் ஏற வேண்டும். விட்டால் காயம் காய்ந்து சாறு நின்றுவிடும். பனையில் பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்துவார்கள். ஆண்பனையின் பாளைக்கு ஒரு முறை, பெண்பனைக்கு இன்னொரு முறை. ஒரு தோப்பில் இருபது முப்பது மரத்தை நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிற மனிதர், எந்த மரம் இன்றைக்கு எவ்வளவு கொடுக்கும் என்று அடியில் நின்றே சொல்வார். எந்தக் கல்லூரியும் பட்டம் கொடுக்காத ஒரு பெரிய படிப்பு அது.

இந்தப் பானத்துக்குத் தகடூர் வரை நீளும் பழைய சாட்சி உண்டு. இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அந்த மன்னனின் பெருந்தன்மைக்கு ஔவை முதலில் எடுத்துச் சொல்வது, அவன் கள்ளைப் பங்கிட்ட விதத்தைத்தான். போரைப் பிறகுதான் சொல்கிறார். கள் அன்றைக்கு விருந்தின் பகுதி, உபசாரத்தின் பகுதி.

அதைக் கணக்குப் புத்தகத்தின் பகுதியாக்கியது கம்பெனி ஆட்சியும் அதன்பின் வந்த ராணி ஆட்சியும். 1886-ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் கள் இறக்கும் ஒவ்வொரு மரத்தையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. மரத்துக்கு எண், மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க வேண்டும், அதனால் கடை பெருகியது, கடன் பெருகியது. நில வரிக்கு அடுத்தபடி மாகாணத்தின் பெரிய வருமானம் ஆப்காரியிலிருந்து வந்தது. தோப்பில் நின்று குடித்த சாறு சந்தைக்கடைக்கு நகர்ந்தபோது அதில் தண்ணீர் சேர்ந்தது, போதைக்கு வேறு பொருள்கள் சேர்ந்தன, வாரக்கூலி முழுவதும் அங்கேயே இறங்கியது. காந்தியடிகள் கள்ளுக்கடை மறியலைக் கையில் எடுத்தபோது கொங்குப் பெண்கள் முன்னால் வந்து நின்றதற்குக் காரணம் அந்தக் கடைதான்.

1921-இல் ஈரோட்டில் நடந்த மறியல் நாடு முழுவதும் பேசப்பட்டது. பெரியார் ஈ.வெ.ரா. அப்போது காங்கிரஸில் இருந்தார். அவர் சிறைக்குப் போனதும் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலைத் தொடர்ந்தார்கள். மறியலை நிறுத்துவது தன் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்ற கருத்தில் காந்தி பேசியது அந்த நாட்களில்தான். சேலம் தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான தோப்பில் 500 தென்னை மரங்களைப் பெரியார் வெட்டிச் சாய்த்ததும் இதே போராட்டத்தின்போது. அந்தத் தியாகத்தின் அளவு குறைத்துச் சொல்லக் கூடியதல்ல. வளர்ந்த தென்னை என்றால் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம். ஆனாலும் அந்த மரங்களை நினைத்தால் மனம் கனக்கிறது. நாகம்மையார் எதிர்த்து நின்றது கடையை, கடைக்காரரின் ஏலக்கணக்கை, வீட்டுக்கு வராத கூலியை. அதில் அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயம். வெட்டுப்பட்டது மரம்.

ராஜாஜியின் வழி எழுத்தும் சட்டமும். சேலத்தில் வக்கீலாக இருந்தவர், சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். 1929-இல் அங்கிருந்து ‘விமோசனம்’ என்ற பத்திரிகை வந்தது. மதுவிலக்கு ஒன்றுதான் அதன் பொருள். உதவி ஆசிரியர் கல்கி. தமிழ் உரைநடையின் பெரிய கையொன்று கொங்கு நாட்டுச் சிற்றூரில் உட்கார்ந்து குடிக்கு எதிராகக் கதை எழுதிக்கொண்டிருந்த அந்த ஆண்டில், பூமியின் மறுபக்கத்தில் ஒரு தேசம் முழுவதும் மதுவிலக்கில் இருந்தது. ராஜாஜி உட்பட அன்றைய மதுவிலக்குக்காரர்கள் பலரும் அந்தத் தேசத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க மதுவிலக்குப் பிரசாரகர் ‘புஸ்ஸிஃபுட்’ ஜான்சன் 1921-இல் இந்தியாவுக்கே வந்து கூட்டம் போட்டுப் பேசிவிட்டுப் போயிருந்தார். கொங்கின் கதைக்கு நடுவே அமெரிக்காவின் ஒரு பள்ளத்தாக்குக்குப் போய்வருவது இதனால்தான் அவசியம்.

மேற்குப் பென்சில்வேனியாவில் மொனொங்கஹீலா என்றொரு ஆறு ஓடுகிறது. பிட்ஸ்பர்க் நகரில் அலெகெனியோடு சேர்ந்து ஒஹையோ ஆகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஸ்காட்–ஐரிஷ், ஜெர்மானிய விவசாயிகள் ரை என்ற தானியத்தை விதைத்தார்கள். குளிரையும் வளமற்ற மண்ணையும் தாங்கும் பயிர் அது. அறுவடையைக் கிழக்குக் கடற்கரைச் சந்தைக்குக் கொண்டுபோக நடுவில் மலைத்தொடர். ஒரு பொதிகுதிரை நான்கு புஷல் தானியம் சுமக்கும். அதையே வடித்து விஸ்கியாக்கினால் இருபத்துநான்கு புஷலின் மதிப்பை அதே குதிரை சுமக்கும். அதனால் ஊருக்கு ஊர் வடிகலம். காசு அரிதான அந்த நாட்டில் விஸ்கியே கூலியாகவும் கொடுக்கல் வாங்கலாகவும் புழங்கியது.

1791-இல் நிதியமைச்சர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் அதன்மேல் வரி போட்டார். புதிய குடியரசு உள்நாட்டுப் பொருள்மீது போட்ட முதல் வரி அது. ரொக்கமாகக் கட்ட வேண்டும். பெரிய வடிசாலைக்குச் சுமை குறைவாகவும் சிறு விவசாயிக்கு அதிகமாகவும் விழுந்தது. 1794 ஜூலையில் வரி அதிகாரி ஜான் நெவிலின் பவர் ஹில் மாளிகை தீக்கிரையானது. ஜார்ஜ் வாஷிங்டன் சுமார் 13,000 வீரர்களைத் திரட்டி, தாமே குதிரையேறி வழியின் ஒரு பகுதி வந்தார். கிளர்ச்சி சண்டையில்லாமலே கலைந்தது. ராஜதுரோகக் குற்றம் நிரூபிக்கப்பட்ட இருவரில் ஒருவர் பிலிப் விகிள். வாஷிங்டனே இருவரையும் மன்னித்தார். வரியை 1802-இல் ஜெஃபர்சன் ஆட்சி எடுத்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொனொங்கஹீலா என்ற ஆற்றின் பெயரே விஸ்கியின் பெயராகப் புழங்கியது. 1851-இல் வெளிவந்த ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலில் நடுக்கடலில் ஒரு திமிங்கல வேட்டைக்காரன் ஏங்கும் பானங்களில் இதுவும் ஒன்று. அதன் சுவைக்கு ஒரு தனி இலக்கணம் இருந்தது. ரையும் கொஞ்சம் முளைகட்டிய பார்லியும் மட்டும், சோளம் இல்லை அல்லது மிகக் குறைவு. வடித்ததை ஓக் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடத்துவார்கள். குளிர்காலத்தில் கிடங்குக்கே சூடு கொடுத்து முதிர வைப்பார்கள். வாயில் விட்டால் மிளகின் காரம், கிராம்பு, உலர்ந்த புல், கருகிய ரொட்டித் தோலின் கசப்பு. இனிப்பு பின்னால்தான் தலைகாட்டும். பக்கத்து மாநிலமான மேரிலாந்தின் ரையில் சோளமும் கணிசமாகச் சேரும். அது மென்மையானது, பழச்சுவை கூடியது. தென்னங்கள்ளுக்கும் பனங்கள்ளுக்கும் நடுவே சொல்கிற வித்தியாசத்தை அந்த ஊர்க்காரர்கள் இரண்டு ரைகளுக்கும் நடுவே சொல்வார்கள்.

1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலானது. ஓவர்ஹோல்ட் போன்ற ஒருசில பெயர்கள் மருத்துவர் சீட்டுக்கு விற்கும் அனுமதியோடு பிழைத்தன. அந்த நிறுவனத்தில் பங்கு வைத்திருந்த ஆண்ட்ரூ மெல்லன் 1921-இல் அமெரிக்காவின் நிதியமைச்சரானார். மதுவிலக்கை அமல்படுத்தும் பொறுப்பு அந்தத் துறையிடம்தான் இருந்தது. சிறிய வடிசாலைகளுக்கு அப்படிப்பட்ட கதவு எதுவும் திறக்கவில்லை. தொழிற்சாலைச் சாராயத்தைத் திருடிக் குடிக்காமல் இருக்க அரசே அதில் நச்சு கலக்க உத்தரவிட்டது. அதையும் குடித்துச் செத்தார்கள். 1933 டிசம்பர் 5-ஆம் தேதி விலக்கு நீங்கியது. ஆனால் ரை திரும்பவில்லை. முதிர்ந்த சரக்கு கையிருப்பில் இல்லை, மலிவான சோளம் எங்கும் கிடைத்தது, பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் நாக்கு வேறு பானங்களுக்குப் பழகியிருந்தது. அடுத்து இரண்டாம் உலகப்போர் வந்து வடிசாலைகளை யுத்தத்துக்கான ஆல்கஹால் வடிக்கத் திருப்பியது. பென்சில்வேனியா வடிசாலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஓவர்ஹோல்ட் என்ற பெயர் 1987-இல் கைமாறி கென்டக்கியில் தயாராகும் விஸ்கியின் சீட்டாயிற்று. சட்டம் நீங்கிய பிறகும் அரை நூற்றாண்டில் அந்தச் சுவை அதன் சொந்த ஆற்றங்கரையில் அழிந்தது என்பதுதான் இந்தக் கதையில் கொங்கு கவனிக்க வேண்டிய இடம்.

அமெரிக்கா மதுவிலக்கைக் கைவிட்டு நான்கு ஆண்டு முடியுமுன், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, ராஜாஜியின் அமைச்சரவை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. அன்றைய சேலம் ஜில்லா என்றால் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரியும் சேர்ந்தது. அடுத்த ஆண்டு இன்றைய ஆந்திரத்தின் சித்தூரும் கடப்பையும், 1939-இல் வட ஆர்க்காடும் சேர்ந்தன. இழந்த ஆப்காரி வருமானத்துக்கு ஈடாக 1939-இல் வந்ததுதான் சென்னை மாகாணத்தின் பொது விற்பனை வரி. இன்று கடைப் பில்லில் வரி என்று ஒரு வரி அச்சாகிறதல்லவா, அதன் முன்னோடிகளில் ஒன்று சேலத்துக் கள்ளுக்கடைகள் மூடியதில் இருக்கிறது. யுத்த காலத்தில் தளர்ந்த மதுவிலக்கு, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948-இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது.

அந்தச் சட்டம் கள், சாராயம், சீமைச் சரக்கு மூன்றையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தது. நூற்றுக்கு ஐந்து பங்கு வீரியமுள்ள, மறுநாளைக்கு நிற்காத மரச்சாறும், நாற்பது பங்கு வீரியமுள்ள, பத்தாண்டு பாட்டிலில் நிற்கும் வடித்த சரக்கும் அதன் கண்ணில் ஒன்று. மரமேறிகளுக்குத் தெளுவு இறக்கவும் வெல்லம் காய்ச்சவும் உரிமம் கொடுத்தார்கள். உண்மையான அக்கறையோடு செய்த ஏற்பாடு அது. ஆனால் வெல்லம் காய்ச்ச விறகு வேண்டும், நாள் முழுக்க அடுப்படியில் வீட்டுப் பெண்கள் நிற்க வேண்டும், விலையோ கள்ளின் விலைக்கு எட்டாது. பலர் மரத்தை விட்டு இறங்கித் தறிக்கும் மில்லுக்கும் போனார்கள்.

பிறகு நடந்தது வேகமான ஏற்ற இறக்கம். 1971-இல் கருணாநிதி அரசு மதுவிலக்கை ஒத்திவைத்துக் கள், சாராயக் கடைகளைத் திறந்தது. 1973, 74-இல் மறுபடி மூடியது. எம்.ஜி.ஆர். அரசு 1981-இல் திறந்து 1987 தொடக்கத்தில் மூடியது. இடையில் 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கொங்கில் இன்று ஐம்பது வயது தாண்டியவர்களின் கள் நினைவு பெரும்பாலும் 1981-க்கும் 86-க்கும் நடுவே நிற்கிறது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்குக் கள் என்பது சினிமாக் காட்சி, இல்லாவிட்டால் பாலக்காட்டு ஞாயிற்றுக்கிழமை.

கள் போன இடத்துக்கு வந்த சரக்கின் மூலத்தைத் தேடினால் மறுபடி கோயம்புத்தூருக்கே வர வேண்டியிருக்கிறது. ஆர்.எஸ்.புரத்துக்கு மேற்கே வேளாண் பல்கலைக்கழகத்தைத் தாண்டி வீரகேரளத்தில் கரும்பு இனப்பெருக்க நிலையம் இருக்கிறது. 1912-இல் சி.ஏ. பார்பர் தொடங்கி வைத்தார். காட்டு நாணலோடு கரும்பைக் கலந்து அவரும் டி.எஸ். வெங்கட்ராமனும் உண்டாக்கிய ‘கோ’ ரகங்கள் இந்தியச் சர்க்கரைத் தொழிலையே நிமிர்த்தின. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸ் என்ற கரிய பாகை வடித்து எடுக்கும் ஆல்கஹாலில்தான் இந்தியாவில் விற்கும் மலிவான விஸ்கியும் பிராந்தியும் ரம்மும் பெரும்பாலும் தயாராகின்றன. நிறமும் மணமும் பிறகு சேர்பவை. அதில் பொள்ளாச்சிச் சுவை என்றோ அன்னூர்ச் சுவை என்றோ ஒன்று இருக்க வழியில்லை. எந்த ஊரில் வாங்கினாலும் ஒன்றே. வீரியத்தில் கள்ளைவிட அது பல மடங்கு வல்லது. குடி கெடுதல் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைப்பதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியவில்லை. இந்தச் சரக்குக்கும் வெளியே, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, செத்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள்.

கள்ளுக்காக வாதாடுவதில் கொங்கு விவசாயிகள் முன்னால் நிற்கிறார்கள். செ. நல்லசாமியின் கள் இயக்கம் ஆண்டுக்கணக்காக அனுமதி கேட்டுப் போராடிவருகிறது. 2017-இல் தமிழக அரசு தென்னையிலிருந்து நீரா என்ற புளிக்காத சாற்றை இறக்க வழிவிட்டது. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம், பாளையிலேயே பனிக்கட்டிப் பெட்டியைப் பொருத்திச் சாற்றைப் புளிக்காமல் எடுக்கும் முறையை உருவாக்கியது. ‘கல்பரசா’ என்று அதற்குப் பெயர். நல்ல பானம்தான், சுண்ணாம்பு வாடைகூட இல்லாதது. ஆனால் மரத்திலிருந்து கடைவரை குளிர்ச்சி அறுந்துபோகாமல் காக்கும் செலவு ஒரு சிறு தோப்புக்காரரின் சக்திக்கு மீறியது.

வடித்தால் கெடாது என்ற வழியை எடுத்தது இலங்கை. தென்னங்கள்ளைப் புளித்த அன்றே வடித்து, ஹல்மில்லா மரத்தொட்டிகளில் ஆண்டுக்கணக்கில் முதிரவைக்கிறார்கள். அமெரிக்க ரைக்கு ஓக் கொடுப்பதை அந்தச் சாராயத்துக்கு ஹல்மில்லா கொடுக்கிறது. யாழ்ப்பாணத்தில் வடமராட்சியின் திக்கம் வடிசாலை பனங்கள்ளை வடித்தது. யுத்தத்தில் நொறுங்கிய பிறகும் அந்த ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் பனையின் பெருமையாகத்தான் சொல்கிறார்கள்.

மொனொங்கஹீலா பக்கம் கடந்த சில பத்தாண்டுகளில் காற்று மாறியிருக்கிறது. 2010-களின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க்கில் திறந்த ஒரு சிறு வடிசாலை, வாஷிங்டன் மன்னித்த விகிளின் பெயரையே வைத்துக்கொண்டு ரை வடிக்கிறது. அதைவிட முக்கியம் விதையின் கதை. 1909-இல் ரஷ்யாவைச் சேர்ந்த ஜோசப் ரோசன் என்ற மாணவர் மிச்சிகன் வேளாண் கல்லூரிக்குத் தருவித்துக் கொடுத்த ஒரு ரகம் ‘ரோசன் ரை’. பென்சில்வேனியா வடிசாலைகள் அதைத் தேடி வாங்கின. அயல் மகரந்தம் பட்டால் கலப்பாகிவிடும் என்பதால் மிச்சிகன் ஏரிக்கு நடுவே சவுத் மானிட்டு என்ற தீவில் விதைக்காகத் தனியே பயிரிட்டார்கள். ரை போனபோது ரகமும் வயலைவிட்டுப் போனது. மீட்க நினைத்தவர்களுக்கு அமெரிக்க வேளாண் துறையின் விதை வங்கியில் கையளவு விதை கிடைத்தது. அதைச் சில பருவங்கள் பெருக்கி, மறுபடி வடிக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பனைக்கு அந்தச் சலுகை இல்லை. ரை ஒரே ஆண்டில் கதிர் தரும். பனை முதல் பாளை விட ஏறக்குறைய பதினைந்து ஆண்டு கேட்கும். 2021–22 வேளாண் பட்ஜெட்டில் தமிழக அரசு 76 லட்சம் பனை விதைகளை வினியோகிப்பதாக அறிவித்தது. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. அன்றைக்கு ஊன்றிய விதை பாளை தள்ளும்போது 2035 தாண்டியிருக்கும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இலிருந்து இளைஞர்களுக்கு இயந்திரம் மாட்டி மரமேறக் கற்றுக்கொடுக்கிறது. அவர்கள் காய் பறிக்கப் பழகியவர்கள். பாளை தட்டுவது வேறு வேலை.

அந்த வேலையைத் தெரிந்தவர்கள் அன்னூரிலும் காங்கேயத்திலும் ஆனைமலையிலும் இன்னும் இருக்கிறார்கள், எழுபதைத் தொட்டவர்களாக. கள்ளை அனுமதிப்பதா வேண்டாமா என்பதைச் சட்டமன்றம் தீர்மானிக்கட்டும். அதற்குக் காத்திராமல், ஆர்.எஸ்.புரத்தை ஒட்டியே நிற்கும் வேளாண் பல்கலைக்கழகம் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அந்தப் பெரியவர்களைத் தெளுவு உரிமத்தின் பெயரிலேயே தோப்புக்கு அழைத்து, எந்த மாதத்தில் எந்தப் பாளையைக் கட்டுவது, எத்தனை நாள் தட்டுவது, எப்போது முதல் சீவல், ஆண்பனைக்கு எவ்வளவு நசுக்கல், கலயத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்று அவர்கள் கையையும் பேச்சையும் படம்பிடித்து வைக்கலாம். அடுத்த தைக்கு முன்னே அதைத் தொடங்கினால், மாசிப் பாளைக்கு அவர்கள் ஏறுவதையே பதிவு செய்துவிடலாம்.